மங்கல் கண்ணாடிதான் வேண்டும்

ஜூன் 2, திங்கள்

இந்த டைரியை நான் கேட்கவில்லை. பிசியோதெரபி பெண் ஜெனிஃபர் கொடுத்தாள். சுவரைப் பார்த்து நின்று இடக்கை விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்ற வேண்டுமாம். எங்கே வலித்து நிற்கிறதோ அதை அன்றன்று எழுதி அவளிடம் காட்ட வேண்டுமாம். இன்று தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. எழுதியாயிற்று.

மீதிப் பக்கம் வெறுமனே கிடக்கிறது. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காகக் குப்பை கொட்டியவளுக்கு வெள்ளைத் தாளைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதனால் வடிவைப் பற்றி எழுதுகிறேன். அவளைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது.

வடிவு என் ஓரகத்தி, கொழுந்தன் சங்கரலிங்கத்தின் பெண்டாட்டி. பாளையங்கோட்டையில் இந்த ஒரே வீட்டில்தான் எல்லோரும் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவர்களுடைய மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். மிச்சம் நாங்கள் மூன்று பேர். சங்கரலிங்கம் வாய் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அவள் பேசுவாள்.

ஏப்ரலில் எனக்கு ஆப்பரேஷன் நடந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இன்றைய சண்டை பாத்ரூமில். ஷவருக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஏதோ ஒரு லாட்ஜில் பார்த்துவிட்டு வந்து போட்டது. உருவம் தெரியாத மங்கல் கண்ணாடி, தள்ளித் திறக்கிற கதவு. ஷவரில் குளிப்பதற்காகப் போட்டார். நாங்கள் அதற்குள்ளும் வாளியும் மக்கும் வைத்துக்கொண்டுதான் குளிக்கிறோம். வாளி இடித்து இடித்துச் சட்டம் நெளிந்துவிட்டது. சீயக்காய்த் தூள் கதவு ஓடுகிற பள்ளத்தில் இறங்கிக் கெட்டிப்பட்டுப் போயிற்று. கதவை நகர்த்த ரெண்டு கை வேண்டும். எனக்கு இப்போது ஒன்றுதான் உருப்படி.

அதுகூடப் பரவாயில்லை. தடுப்பு முழுக்க வடிவின் ஸ்டிக்கர் பொட்டு. குளிக்கும்போது நெற்றியிலிருந்து எடுத்துக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டுவாள். வெளியே வரும்போது அதை மறந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்வாள். எல்லாம் அரக்கு நிறம், பெரிசு பெரிசாக. நான் பொட்டு வைப்பதில்லை. அவர் போனதும் நானாக விட்டது, யாரும் சொல்லி அல்ல. ஆனாலும் குளிக்கிற நேரமெல்லாம் இவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு என்ன தலையெழுத்து? பழைய பிளேடால் ஏழெட்டைச் சுரண்டிப் போட்டேன்.

"அக்கா, கண்ணாடிய ஏன் இப்பிடிக் கீறி வச்சிருக்கீய?" என்று வந்து நின்றாள்.

"நீ பொட்டுக்கடை விரிச்சிருந்த. நான் கடைய மூடிட்டேன்" என்றேன்.

ஜூன் 4, புதன்

கை: அதே இடம். வடிவு: அதே வடிவு.

ஜூன் 6, வெள்ளி

கை: எழுதுகிற நிலையில் இல்லை.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை நான் விட்டதில்லை. வலக்கையால் ஒருமாதிரி தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். குளித்து முடித்துக் கதவைத் தள்ளினால் நகரவில்லை. பள்ளத்தில் சீயக்காய்ச் சகதி. எண்ணெய்க் கை வழுக்கியது. கொஞ்சம் தள்ளினேன், கொஞ்சம் இழுத்தேன், பிறகு கால் வலித்ததால் தரையில் உட்கார்ந்தேன். யாரையும் கூப்பிடுகிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதனால் கூப்பிடவில்லை.

சற்று நேரத்தில் வடிவு வந்து கத்தினாள். வெளிக்கதவைத் தாழ்ப்பாள் போடக்கூடாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. அவள் முதலில் கூப்பிட்டது என் காதில் விழவில்லை. தண்ணீர்ச் சத்தமாக இருக்கும்.

"என்ன பண்ணுதீய உள்ள?"

"குளிக்கேன்."

"தண்ணி சத்தத்தையே காணும்!"

கதவு வரவில்லை என்று நான் சொல்லவில்லை. அவளாகவே இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு புருஷனைக் கூப்பிட்டாள். "அவரு உள்ள வந்தா வாளியால அடிப்பேன்" என்றேன். சங்கரலிங்கம் ஹாலிலிருந்தே, "மதினி, நான் வரல்ல. நான் பேப்பர் படிக்கேன்" என்றார். நல்ல மனிதர், தன் இடம் தெரிந்தவர்.

பிறகு வடிவு சட்டத்தில் முழங்காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தாள். கதவு பள்ளத்திலிருந்து கழன்று சாய்ந்தது. கீழ்மூலை விண்டு ஒரு கண்ணாடிச் சில்லு அவள் கால் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. தரையெல்லாம் ரத்தம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, முகக்கண்ணாடிமேல் கிடந்த துண்டை உருவி என்மேல் எறிந்தாள். மரியாதை தெரிந்து திரும்பினாள் என்றில்லை, அவளுக்கு ரத்தம் ஆகாது. நான் துண்டைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே வாஷ்பேசினைக் கடந்து வந்தேன். தரை வழுக்கும் அல்லவா, பார்த்துத்தானே நடக்க வேண்டும்.

காலில் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அந்தத் துண்டு எதுக்கு எப்பவும் முகக்கண்ணாடி மேலயே தொங்குது? கொடி எதுக்கு இருக்கு?"

"அங்கனதான் காயும்" என்றேன்.

வாஷ்பேசினுக்கு மேலே இருக்கிற முகக்கண்ணாடி பெரிது. ஷவருக்கு நேர் எதிரே, இடுப்பிலிருந்து தலைவரை காட்டும். அதை அங்கே மாட்டச் சொன்னதும் நான்தான்.

ஜூன் 7, சனி

கை: தோள்.

தடுப்பை மாற்றியே ஆக வேண்டும் என்று கண்ணாடிக்கடை சேவியரைச் சங்கரலிங்கம் கூட்டிவந்தார். சேவியர் டேப்பைப் பிடித்துக்கொண்டே பேசுகிற ஆள். பேசிக்கொண்டே அளந்ததால் இரண்டாவது தடவை அளந்தார், இரண்டு அளவும் ஒத்துவராமல் மூன்றாவது தடவையும் அளந்தார்.

"இப்பல்லாம் உடையாத கண்ணாடிதான் யம்மா. அளவு சொல்லி மதுரையில செஞ்சு வரணும். வந்த பொறவு அறுக்க முடியாது, தொளை போட முடியாது. அதனால இப்பவே சொல்லிருங்க, தெளிவா வேணுமா, மங்கலா வேணுமா?"

"மங்கல்" என்றேன்.

"தெளிவு" என்றாள் வடிவு.

சேவியர் சங்கரலிங்கத்தைப் பார்த்தார். சங்கரலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு, "ரெண்டு பேருமா சொல்லி முடிங்க, நான் லைப்ரரிக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

"தெளிவா இருந்தா பாத்ரூம் பெரிசா தெரியும். கழுவ லேசு" என்றாள் வடிவு.

"குடும்ப வீட்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள நின்னு குளிக்கவா? நாம என்ன ஜவுளிக்கடைப் பொம்மையா?"

"கதவச் சாத்திட்டா யாரு பாக்கப் போறா?"

"மங்கல் கண்ணாடிதான் வேண்டும்" என்று சேவியரைப் பார்த்துச் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்டாத பெற்றோரிடம் பேசுகிற குரலில். அவர் எழுதிக்கொண்டார். அந்தக் குரல் இன்னும் வேலை செய்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

தடுப்பு வரும் வரை பாத்ரூமில் மறைப்பில்லாமல்தான் குளியல். பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குளிக்கிறேன். துணி நனைந்து வாசல்வரை சொட்டுவதைப் பார்த்து, "உள்ள தாமிரவருணியா ஓடுது?" என்று வடிவு கேட்டாள். கட்டின பாவாடை நிற்பதில்லை. இடப்பக்கம் நழுவிவிடுகிறது. அதை அவளிடம் சொல்ல முடியுமா?

ஜூன் 9, திங்கள்

கை: தோளுக்கு நாலு விரல் மேலே. ஜெனிஃபர் வந்து பார்த்து, "சூப்பர் ஆன்ட்டி" என்றாள். டைரியைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு எழுத வேண்டாம், கை மட்டும் போதும்" என்றாள். எனக்குப் போதாது.

சாயங்காலம் பழைய பள்ளிக்கூடத்து ஞானம்மாள் டீச்சர் சாத்துக்குடியோடு வந்தார். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் முதலில் என் மார்புக்குப் போகும், பிறகு சட்டென்று முகத்துக்கு வரும். பிறகு நல்லா இருக்கீங்களா என்று கேட்பார்கள். எது நிஜம், எது துணி என்று எடைபோட்டு முடித்த பிறகுதான் நலம் விசாரிப்பு. டீச்சரும் அப்படியே செய்தார். எத்தனை வருஷம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டவர்.

தெருவுக்கே இதைச் சொன்னது வடிவு. நான் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தபோது, கேட்டவர்களுக்கெல்லாம், "மார்ல கட்டி, எடுத்துட்டாவ" என்று ஒலிபெருக்கி வைத்திருக்கிறாள். கர்ப்பப்பை ஆப்பரேஷன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவளும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். டீச்சர் போனதும் அதைத்தான் கேட்டேன்.

"கேட்டாவ, சொன்னேன். சீக்குதான, களவா?" என்றாள்.

"ஒனக்கு வந்திருந்தா தெரியும்."

"வந்தா நான் வாசல்ல போர்டே மாட்டி வைப்பேன். ஒங்கள மாதிரி ஒளிஞ்சு கெடக்க மாட்டேன்."

சாத்துக்குடியைத் தொடவில்லை. அவளே பிழிந்து அவளே குடித்தாள். எனக்கும் ஒரு டம்ளர் மேஜையில் வைத்திருந்தாள். எறும்பு மொய்த்த பிறகு கொட்டினேன்.

ஜூன் 11, புதன்

கை: தாடை.

ரவிக்கைக்குள் வைக்கப் பழைய பனியன் துணியில் பஞ்சு அடைத்து நானே ஒன்று தைத்திருக்கிறேன். கடையில் விற்பது வியர்க்கிறது. அதை ராத்திரி நானே துவைத்து என் அறை ஜன்னலில் காயப்போடுவேன். இன்று காணவில்லை. மொட்டைமாடிக்குப் போனால், எல்லாத் துணிகளுக்கும் நடுவே, இரண்டு கிளிப் போட்டு, நாலு தெருவுக்கும் தெரிகிற மாதிரி தொங்குகிறது!

"ஜன்னல்ல காஞ்சா ஈரவாடை போவாது. வெயில்ல காயட்டும்னு போட்டேன்" என்கிறாள். அதைவிட என்ன தெரியுமா? தையல் பிரிந்திருந்த இடத்தை மிஷினில் வைத்து அடித்தும் இருக்கிறாள். என் சாமானில் கைவைக்க இவள் யார்? நன்றாகத்தான் அடித்திருந்தாள், அது வேறு விஷயம்.

ஜூன் 13, வெள்ளி

கை: பார்க்கவில்லை. இன்று கைக்கு நேரமில்லை.

சேவியர் ஆட்டோவில் தடுப்பைக் கொண்டுவந்து இறக்கினார். மேலே சுற்றியிருந்த அட்டையைப் பிரித்தார். கண்ணாடிக்கு அந்தப்புறம் அவருடைய பனியன், லுங்கி, காலில் இருந்த கொப்புளம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"மங்கல்னுதானய்யா சொன்னேன்?"

"பொறவு போன் வந்துச்சுல்லா யம்மா. 'தெளிவாவே போட்டிருங்க, அக்காவும் சரின்னுட்டாவ'ன்னு."

போன் பண்ணியவள் அடுப்படி வாசலில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நான் எப்ப சரின்னேன்?"

"நீங்க என்னைக்கு எதுக்கு சரின்னிருக்கீய? கேட்டா நடக்காதுன்னுதான் கேக்கல்ல."

வந்த நாள் முதல் இவள் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். கல்யாணப் பந்தியில் என்னைக் கடைசி இலையில் உட்காரவைத்ததிலிருந்து மொட்டைமாடிக் கொடிவரை ஒன்றையும் விடவில்லை. சேவியர் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பின்னால் போய் நின்றார். பின்னால் நின்றும் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது.

"என்னய இந்த வீட்ல அம்மணமா நிக்கவைக்கணும், அதான ஒனக்கு ஆசை?"

வடிவு கீரையைக் கீழே போட்டாள்.

"ஆசையா? அன்னைக்கு எண்ணெ தேச்சுக் குளிக்கப் போனீயளே, எவ்வளவு நேரம் உள்ள கெடந்தீயன்னு தெரியுமா? நான் சோறு வடிச்சு, கொழம்பு கூட்டி எறக்கி வச்சிட்டு வாரேன், மங்கல்ல ஒரு நெழலு தரையில உக்காந்திருக்கு. தண்ணி சத்தமே இல்ல. ரெண்டு தடவ கூப்பிட்டேன், பதிலில்ல. அசையக்கூட இல்ல. செத்துட்டீயன்னு நெனச்சேன்."

"நெனச்சிட்டு? ஒரு ரூம்பு மிச்சம்னு சந்தோசப்பட்டியாக்கும்."

"ஆமா, பட்டேன்! பொறவுதான் ஞாபகம் வந்துச்சு, பொணத்தக் குளிப்பாட்டவும் நான்தான வரணும்னு. அதான் கதவப் பேத்தேன். இனிமே நீங்க உள்ள விழுந்து கெடந்தா எனக்கு வெளிய இருந்து தெரியணும். தெரிஞ்சே ஆவணும். பிடிக்கல்லன்னா பின்கட்டு பாத்ரூம்ல போய்ப் பச்சத்தண்ணில குளிங்க."

நான் கீழே கிடந்த கீரையைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

சேவியர்தான் மெதுவாக வெளியே வந்தார். "யம்மா, திருப்பிக் கொண்டுபோனா இது குப்பைக்குத்தான், வேற எந்த வீட்டுக்கும் இந்த அளவு சேராது. மாட்டிருதேன். மங்கலா ஒரு ஸ்டிக்கர் ஷீட்டு இருக்கு, அத மேல ஒட்டிக்கிடலாம். திங்கக்கெழம கொண்டு வாரேன்."

அதற்கு நான் ஒத்துக்கொண்டேன். கூடவே ஒரு நிபந்தனை போட்டேன். புதுத் தடுப்பில் வடிவு ஒரு பொட்டுகூட ஒட்டக்கூடாது. "சரி, ஒட்டல்ல, நல்லா துடைச்சுத் துடைச்சு வச்சுக்கிடுங்க" என்றாள்.

ஜூன் 14, சனி

பசை காய வேண்டும், குளிக்கக்கூடாது என்று சேவியர் சொல்லியிருக்கிறார். பாத்ரூமில் அந்தப் பசையின் ஊறுகாய்ப் புளிப்பு வாடை. வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. நிம்மதியான நாள்.

ஜூன் 17, செவ்வாய்

கை: காது மடல்.

சேவியர் நேற்று வரவில்லை. இன்றும் வரவில்லை. போன் பண்ணினால், "நாளைக்குக் கட்டாயம் யம்மா" என்கிறார். எந்த நாளைக்கு என்று கேட்டேன். சிரிக்கிறார்.

புதுத் தடுப்பின் கதவு ஒற்றை விரலில் ஓடுகிறது. சொல்லத்தான் வேண்டும். ஆனால் உள்ளே நின்றால் எதிரே முகக்கண்ணாடி. அதன்மேல் பெரிய துண்டைத் தொங்கவிட்ட பிறகுதான் துணியை அவிழ்க்கிறேன். மூலை நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் கிளிப். வடிவு தினமும் அதை எடுத்துக் கொடியில் போடுகிறாள், நான் தினமும் திரும்பக் கொண்டுவந்து மாட்டுகிறேன். இன்று வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள்.

"பழைய கதவு இருந்தப்பயும் மூடி வச்சீய, இப்பயும் மூடுதீய. கண்ணாடிக்கு என்ன கண்ணா இருக்கு, ஒங்களப் பாக்க?"

"ஒன் சோலியப் பாரு."

கண்ணாடிக்குக் கண் இல்லை, எனக்கு இருக்கிறது. கட்டுப் பிரித்த அன்று நர்ஸ், "பாக்கீங்களா அம்மா?" என்று கேட்டபோது கூரையைப் பார்த்துக்கொண்டேன். அதிலிருந்து ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. சோப்புப் போடும்போது கை அந்தப் பக்கம் போனால் கண்ணை மூடிக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது. பார்த்துவிட்டால் அதுதான் நான் என்று ஆகிவிடும். ஜெனிஃபர், இதைப் படித்தாயானால் பேசாமல் அடுத்த பக்கத்துக்குப் போ.

ஜூன் 19, வியாழன்

சேவியருக்கு வீட்டில் விசேஷமாம். ஸ்டிக்கர் ஷீட் சனிக்கிழமை வருமாம். வடிவுக்குச் சிரிப்பு. போன் இவளிடமிருந்து மறுபடி போயிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

எண்ணெய்க் குளியல். நான் ஒற்றைக் கையால் உச்சந்தலையில் எண்ணெயை வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். கேட்காமல் கொள்ளாமல் வடிவு கிண்ணத்தைப் பிடுங்கினாள். பின்னால் நின்று தலையில் அறைந்து அறைந்து தேய்த்தாள்.

"கொல்லப் பாக்கியா?"

"எண்ணெ உள்ள எறங்க வேண்டாமா? இத்தன வாரமும் தலையில ஒரு பக்கம்தான் எண்ணெ, மறுபக்கம் காஞ்ச நாரு. பாக்கச் சகிக்கல்ல."

கழுத்து, முதுகு என்று ரவிக்கைக்கு வெளியே தெரிந்த இடமெல்லாம் தேய்த்தாள். அதற்குமேல் கை போகவில்லை. ஊறட்டும் என்று என்னை உட்காரவைத்துவிட்டு அவள் முதலில் போய்க் குளித்து வந்தாள்.

பிறகு நான் உள்ளே போனேன். முகக்கண்ணாடியில் துண்டை மாட்டி இரண்டு கிளிப்பும் போட்டேன். துணியை அவிழ்த்தேன். தடுப்புக்குள் போய்க் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு நிமிர்ந்தால், புதுக்கண்ணாடியில், என் கண்ணுக்கு நேரே சற்றுக் கீழே, ஒரு பொட்டு. அரக்கு நிறம், பெரிசு. மாட்டி ஒரு வாரம்தான் ஆகிறது!

வந்த கோபத்தில் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கதவைத் தள்ளினேன், வெளியே போய்க் கைக்கு அகப்பட்ட துணியைப் பிடித்து ஒரே இழுப்பு. கிளிப் இரண்டும் தெறித்து எங்கோ விழுந்தன. துணியோடு திரும்ப உள்ளே வந்து, துடைக்கக் கையை ஓங்கினேன்.

எதிரே நான் நின்றேன். தடுப்புக்கு அந்தப்பக்கம், முகக்கண்ணாடியில், முழுசாக. துடைக்க வந்த துணி முகக்கண்ணாடியை மூடியிருந்த துண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

கண்ணை மூடியிருக்கலாம். மூடவில்லை. எண்ணெய் மினுமினுக்கிற ஒரு வயசான பொம்பளை. வலப்பக்கம் என்றும்போல் இருந்தது. இடப்பக்கம் அக்குளிலிருந்து நடுநெஞ்சுவரை கோணலாக ஒரு தழும்பு, அதைச் சுற்றிச் சப்பாத்திப் பலகை மாதிரி தட்டை. அந்தத் தட்டையின் நட்டநடுவே, இருக்க வேண்டிய இடத்தில் துளி பிசகாமல், வடிவின் பொட்டு.

அரக்கு நிறத்தில். வட்டமாக. பக்கத்தில் இருக்கிற அசலைவிட அழகாக.

நான் சிரித்துவிட்டேன். சும்மா சிரிப்பில்லை, சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய சிரிப்பு. ஒரு அடி நகர்ந்தால் பொட்டு தோளுக்குப் போயிற்று. திரும்ப நகர்ந்தால் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. குனிந்தால் தொப்புளுக்கு வருமா என்று அதையும் பார்த்தேன். வரவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியாது. சத்தமாகத்தான் அழுதிருக்க வேண்டும், வடிவு வெளிக்கதவை இடித்தாள்.

"என்ன? விழுந்துட்டீயளா?"

"இல்ல."

"பொறவு என்ன சத்தம்?"

"ஒன் பொட்டு கண்ணாடில இருக்குட்டி!"

"ஐயோ, பழக்கதோசத்துல ஒட்டிட்டேன். அதுக்கா இவ்வளவு கூப்பாடு? நான் வந்து எடுக்கட்டா?"

"வராத."

"வரல்ல."

வெளியே அவள் நகரவில்லை. கதவுக்கு அடியில் அவள் கால் தெரிந்தது, கட்டைவிரலில் அந்தக் கட்டோடு. நான் தண்ணீரைத் திறந்து சீயக்காய் தேய்த்து, எண்ணெய் போகிறவரை குளித்தேன். கண்ணை மூடவில்லை, சீயக்காய் பட்டபோது தவிர. முடிக்கிறவரை அந்தக் கால் அங்கேயே இருந்தது.

மத்தியானம் சேவியருக்கு நானே போன் பண்ணி ஸ்டிக்கர் ஷீட் வேண்டாம் என்று சொன்னேன். "நீரு ஒட்டினா கோணலாத்தான் ஒட்டுவீரு" என்றேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த வடிவு, "இதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள். அவள் சொன்னது சரியாகப் போவதைப்போல எரிச்சலூட்டுவது உலகத்தில் ஒன்றுமில்லை.

கை: இப்போதுதான் யோசிக்கிறேன். துண்டை இழுத்தது இடக்கை. கிளிப் இருந்தது முகக்கண்ணாடியின் மேல்விளிம்பில்.

ஜூன் 21, சனி

கை: முகக்கண்ணாடியின் மேல்விளிம்பு. மறுபடி போய் அளந்து பார்த்தேன். நிஜம்தான், வலிக்கிறது.

காலையில் குளிக்கப் போனால் தடுப்பு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. பொட்டைக் காணோம். சுரண்டி எடுத்து, பசை போக எண்ணெய் தொட்டு வேறு துடைத்திருக்கிறாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் பேச்சை ஒருநாளும் கேட்காதவள், கேட்க வேண்டாத அன்றைக்குப் பார்த்துக் கேட்டிருக்கிறாள்.

துண்டு மாட்டாமல் நின்று பார்த்தேன். இடப்பக்கம் தழும்பு மட்டும்தான். நேற்றைப்போலச் சிரிப்பு வரவில்லை.

பிறகு உடுத்திக்கொண்டு போய், வடிவின் அலமாரியிலிருந்து பொட்டு அட்டையில் ஒன்றை எடுத்தேன். அவள் மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பப் பாத்ரூமுக்கு வந்து, தடுப்புக்குள் நின்று, ரவிக்கையைத் தளர்த்தி, முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்து, சரியான இடத்தில் ஒட்டினேன்.

அவள் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நேத்துத்தான் சொன்னேன், இன்னைக்கு மறுபடி கண்ணாடில பொட்டு ஒட்டியிருக்க!"

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் வெளிறிவிட்டது.

"சத்தியமா நான் ஒட்டல்லக்கா. காலையில நான்தான சுரண்டி எடுத்தேன்!"

"நீ ஒட்டாம, இந்த வீட்ல பொட்டு வைக்கிற பொம்பள வேற யாரு? நானா?"

என் முகத்தைப் பார்த்தாள், பாத்ரூமைப் பார்த்தாள், தன் நெற்றியைத் தடவிப் பார்த்தாள். பிளேடை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போகப் பார்த்தாள்.

"இனி சுரண்டிச் சுரண்டிக் கண்ணாடியக் கீறாத. ஒட்டினது ஒட்டினதா இருக்கட்டும்" என்று ஒரு அதட்டுப் போட்டேன்.